பாட்டி கைப் பச்சையும் தம்பி கை டாட்டூவும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து மூணு நாளா உட்கார்ந்து எழுதினது. பொறுமையா படிங்க.

தைப்பூசப் பந்தல் வேலை தொடங்கினாலே நம்ம கூட்டத்துல ஒரு பேச்சு வரும். "கையில கழுத்துல டாட்டூ போட்ட பையன்களை அன்னதானத்துல பரிமாற விடாதீங்க, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" இந்த வருஷமும் வந்தது. பேசின அண்ணன் மூத்தவர், கோயிலுக்கு நிறைய செஞ்சவர். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதல. ஆனா அவரோட அம்மாவை எனக்குத் தெரியும். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பச்சை. அந்தக் கை போட்ட சோத்தைத்தான் நாங்க எல்லாரும் சாப்பிட்டு வளர்ந்தோம். அந்தக் கையைப் பார்த்து யாரும் ஒண்ணும் நினைக்கல.

அப்போ நடுவுல என்னதான் நடந்துச்சு?

முதல்ல பச்சையைப் பத்தி. நம்ம பாட்டிமார்களுக்கு ஊர்ல பச்சை குத்தி விட்டவங்க பெரும்பாலும் குறத்திகள். கூடையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா வருவாங்க, குறி சொல்வாங்க, பச்சையும் குத்துவாங்க. மெட்ராஸ் மியூசியத்துல பெரிய அதிகாரியா இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர், 1909-ல் தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ஏழு தொகுதி புத்தகம் போட்டார். பச்சை குத்துற முறையை அவர் விவரமா எழுதி வச்சிருக்கார். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, திரியாக உருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புது மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதன் உள்பக்கம் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் அதுதான் மை. தையல் ஊசி மூணு நாலை நூலால் ஒண்ணா கட்டிக் குத்துவார்கள். கரி கறுப்புதான், ஆனா தோலுக்குள்ள போனா பச்சையா தெரியும். பேரும் அப்படியே வந்துடுச்சு.

ஒரு சின்ன விஷயம். நம்ம முருகன் கைபிடிச்ச வள்ளியும் குறத்திதான். பச்சை குத்துற கை வள்ளி வம்சத்துக் கை. இதை யாரும் யோசிக்கிறதே இல்ல.

வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது, சங்க காலத்திலேயே தமிழச்சிகள் டாட்டூ போட்டாங்க, அதுக்குப் பேர் தொய்யில்னு. தொய்யில் என்பது சந்தனக் குழம்பு மாதிரி எதையாவது வைத்துத் தோளிலும் மார்பிலும் எழுதுவது. கழுவினா போயிடும். பச்சை வேற. நம்ம பெருமைக்குப் பொய் தேவையில்ல.

கையில கோலம், தேள், முகவாய்க்கட்டையில புள்ளி, சில பேருக்குப் புருஷன் பேரு. "நகை நட்டெல்லாம் செத்தா கழட்டிடுவானுங்க, பச்சை மட்டும்தாண்டா கூட வரும்"னு பாட்டிமார்கள் சொல்வாங்க. இதை வேடிக்கையா எடுத்துக்காதீங்க. ரஜூலா கப்பல்ல ஏறி வந்தவங்க கையில என்ன இருந்தது? ஒரு டிரங்குப் பெட்டி, ரெண்டு சேலை. புலாவ் ஜெரெஜாக்ல இறக்கித் தடுப்புக் காவல்ல வைப்பாங்க, நோய் இருக்கான்னு பார்ப்பாங்க, அப்புறம் தோட்டத்துக்கு அனுப்புவாங்க. கடனுக்குப் போனது, திருடு போனது, அடகுக்குப் போனது எல்லாம் போக மிச்சம் இருந்த ஊர்ச் சொத்து அந்தப் பச்சைதான். அடகுக் கடைக்காரன் அதைத் தொட முடியாது.

ஆனா இதே பினாங்கு மண்ணுல அதுக்கு முன்னாடியே வேற ஒரு பச்சையும் வந்து இறங்கியிருக்கு. இது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து கைதிகளை இங்க நாடு கடத்தினான். 1790-களில் ஆரம்பிச்ச இந்தக் கைதி முறை நீரிணைக் குடியேற்றங்கள்ல 1873-ல்தான் முழுசா முடிஞ்சது. ஜார்ஜ்டவுன்ல ரோடு, வாய்க்கால் எல்லாம் அவங்க போட்டது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டின வேலையும் அவங்க கைதான். அதுல ஆயுள் தண்டனைக் கைதிகளுக்கு நெத்தியில பச்சை குத்தி அனுப்பினாங்க. வங்காளத்துல 1797-ல் இதுக்குன்னு சட்டமே போட்டாங்க. வடக்கே இதுக்கு கோத்னா என்று பேர். பேரு, செஞ்ச குற்றம், தீர்ப்பு தேதி எல்லாம் நெத்தியில. ஓடிப் போனாலும் பிடிச்சிடலாம் இல்லையா? 1849-ல்தான் அதை நிறுத்தினாங்க. நெத்தியை மறைக்கத் தலைப்பாகையை இறக்கிக் கட்டுவாங்களாம், முடியை முன்னால விடுவாங்களாம்.

எங்க ஊர்ல பொம்பளைக்கு அழகா இருந்த அதே ஊசி, சர்க்கார் கையில போனதும் குற்றப் பத்திரிகை ஆயிடுச்சு. டத்தோ கிராமாட்ல நம்ம வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஜெயிலைத் தாண்டிப் போறப்பெல்லாம் எனக்கு இப்ப அந்த நெத்திதான் ஞாபகம் வருது.

காது குத்துறதும் இதே கதைதான், ஆனா தலைகீழா. நம்ம தாத்தாக்களோட பழைய படத்தை எடுத்துப் பாருங்க, காதுல கடுக்கன் இருக்கும். ஆம்பளை காது மூளியா இருந்தாத்தான் ஊர்ல கேள்வி கேட்பாங்க. அப்புறம் கிராப்பு வந்தது, குடுமி போச்சு, கூடவே கடுக்கனும் போச்சு. படிச்சவன், ஆபீஸ் வேலைக்காரன்னா வெறுங்காது. பொம்பளைங்க பக்கம் பாம்படம், தண்டட்டி. தோள் தொடுற அளவுக்குக் காதை வளர்த்தவங்க, பட்டிக்காடுன்னு பேரக் குழந்தைங்க சொல்லிடுமோன்னு தொங்குற காதை அறுத்துத் தைச்சுக்கிட்டாங்க. நான் பள்ளிக்கூடம் படிச்ச 80-களில் ஒரு பையன் ஒத்தைக் காதுல தோடு போட்டா அவன் ரவுடி. அவன் தாத்தா ரெண்டு காதுலயும் போட்டிருந்தார், அவர் பெரிய மனுஷன். இப்போ என் லைன்ல வேலை செய்யுற பையன்களில் பாதிப் பேருக்குக் காதுல ஓட்டை இருக்கு. ஷிப்டுக்குள்ள வரும்போது கழட்டி லாக்கர்ல வைக்கணும், மெஷின் பக்கத்துல உலோகம் ஆகாது. அவ்வளவுதான் சட்டம். ஒழுக்கத்தைப் பத்தி யாரும் பேசறதில்ல.

இப்போ அலகுக்கு வர்றேன். இதுலதான் ரொம்ப சண்டை நடந்திருக்கு.

முதுகுல கொக்கி மாட்டி மரத்துல தொங்கிச் சுத்துற செடல் நம்ம ஊர்ல பழைய நேர்த்திக்கடன். 19-ஆம் நூற்றாண்டுல மெட்ராஸ் மாகாண அதிகாரிகளும் பாதிரிமார்களும் அதைக் காட்டுமிராண்டித்தனம்னு சொல்லி நிறுத்தப் பார்த்தாங்க. இங்க மலாயாவுல அலகுக் காவடியை எதிர்த்தவங்க வெள்ளைக்காரங்க மட்டும் இல்ல, நம்ம ஆளுங்களேதான். 1929 கடைசியில பெரியார் மலாயா வந்து போன பிறகு சீர்திருத்தச் சங்கங்கள் வேகமா வளர்ந்தது. காவடி, அலகு, ஆடு கோழி பலி எல்லாத்தையும் அவங்க கண்டிச்சாங்க. இன்னொரு பக்கம் படிச்ச இந்துக்களும், இது ஆகமத்துல இல்ல, நம்ம மானம் போகுது என்றாங்க. கடவுளே வேணாம்னு சொன்னவங்களும் கடவுளைச் சுத்தமா வச்சுக்கணும்னு சொன்னவங்களும் ஒத்துப்போன ஒரே இடம் இதுதான்னு நினைக்கிறேன்.

ஆனா அலகு குத்தினவங்க யாரு? பால்மரம் சீவினவங்க, துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க, நகராட்சியில குப்பை அள்ளினவங்க. எலிசபெத் புல்லர் காலின்ஸ் என்ற அமெரிக்க அம்மா இதே பினாங்குல ஆராய்ச்சி பண்ணி 1997-ல் புத்தகம் போட்டாங்க, முருகன் வேலால் குத்தப்பட்டவர்கள் என்ற அர்த்தத்துல தலைப்பு. அலகுக் காவடிக்குப் பின்னால இருக்கிற ஏழை பணக்காரன் கணக்கையும் அவங்க பார்த்திருக்காங்க. அதை நான் என் பாஷையில சொல்றேன். வருஷம் பூரா கங்காணிக்கும் துரைக்கும் கட்டுப்பட்ட உடம்பு அது. அந்த ஒரு நாள் அது அவனோடது, முருகனோடது. அன்னிக்கு அவன் காலைத் தொட்டுக் கும்பிட முதலாளியும் வரிசையில நின்னான். இதைக் காட்டுமிராண்டித்தனம்னு சொல்றவங்க மீதி நாளைப் பத்தி என்ன சொன்னாங்க?

"இந்தியாவுலேயே தடை பண்ணிட்டாங்க, நாமதான் இன்னும் பண்றோம்"னு சொல்லுவாங்க. தப்பு. பழனிக்கும் மருதமலைக்கும் போய்ப் பாருங்க, அலகு குத்தித்தான் வர்றாங்க.

அதுக்காக எல்லாத்தையும் நான் ஏத்துக்கல. காவடி எடுக்குற வழக்கத்துல கத்தி, சங்கிலி, பேய் வேஷம் எல்லாம் எதுக்கு? விரதம் இல்லாம ஊசி குத்தினா அது வெறும் ஊசி. அப்புறம் ஒரு ஊசியை ரெண்டு பேருக்கு எந்தக் காரணத்துக்காகவும் மாத்தாதீங்க. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி ரெண்டுமே ரத்தத்துல பரவும். விபூதி போட்டா சரியாயிடும்னு இருந்த காலம் போச்சு.

அலகு இப்போ கௌரவமாயிடுச்சு. 1894-லிருந்து ஓடுற வெள்ளி ரதம் நம்ம டத்தோ கிராமாட் வழியா வர்றப்போ சீனர்கள் மலை மாதிரி தேங்காய் குவிச்சு உடைக்கிறாங்க, அவங்கள்லயும் அலகு குத்திக் காவடி எடுக்குறவங்க இருக்காங்க. 2017-லிருந்து தங்க ரதமும் சேர்ந்துக்கிச்சு. வெளிநாட்டுக்காரன் கேமராவோட தண்ணீர்மலைக்கு வர்றான். கன்னத்துல வேல் குத்தினவன் பக்தன். ஆனா அவன் கையில இருக்கிற டாட்டூ மட்டும் இன்னும் குற்றப் பத்திரிகை.

இதுக்குக் காரணம் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. 2013 ஆகஸ்ட்ல உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களோட பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,000-க்கு மேல, அதுல பத்துக்கு ஏழு பேர் நம்ம பிள்ளைங்க. 04, 08, 36 எல்லாம் நம்பரா இல்லாம சின்னமா ஆச்சு. காவடி ஊர்வலத்துலேயே கொடி, பனியன்னு வந்து, கும்பல் சின்னம் காட்டினா பிடிப்போம்னு போலீஸ் எச்சரிக்கை விட்டுச்சு. அந்த பயம் ஒவ்வொரு அப்பா அம்மாவுக்கும் இருக்கு, எனக்கும் ரெண்டு பையன்.

ஆனா நம்பரும் அம்மா பேரும் ஒண்ணா? நான் முன்ன வேலை செஞ்ச ஒரு ஃபேக்டரியில ஆள் எடுக்கும்போது நம்ம பையன்களை மட்டும் சட்டைக் கையை மடிக்கச் சொல்வாங்க. ஒரு பையன் கையில "அம்மா" என்று இருந்தது, அவ்வளவுதான். கூப்பிடுறோம்னு அனுப்பிட்டாங்க, கூப்பிடல. அதே லைன்ல சரவாக்லேருந்து வந்த இபான் தம்பி ஒருத்தன், ரெண்டு தோள்லயும் கத்தரிப்பூ டாட்டூ, பூங்கா தெரோங்னு சொல்வாங்க. ஆம்பளை ஊரை விட்டு உலகம் பார்க்கக் கிளம்பினதுக்கு அடையாளம் அது. எல்லாரும் அதைக் கலாச்சாரம்னு ரசிச்சாங்க. சரிதான், ரசிக்கட்டும். எங்க பாட்டி கையில இருந்ததும் அதுதானே?

தமிழ்நாட்டுலயும் பச்சை பல வேஷம் போட்டுடுச்சு. 1970-களில் எம்.ஜி.ஆர். கட்சிக்காரங்களைக் கட்சிக் கொடியைக் கையில பச்சை குத்தச் சொன்னார், சில தலைவர்களே முகம் சுளிச்சாங்க. இன்னிக்கு சென்னையில குளிர்சாதனக் கடையில மெஷின் வச்சுக் குத்துறாங்க, காசும் நிறைய. குறத்திக்குக் கொடுத்தது அரிசியும் பழைய சேலையும்.

எனக்குப் பிடிக்காததும் ஒண்ணு இருக்கு. முருகன் முகத்தையும் ஓம் எழுத்தையும் கெண்டைக்கால்ல குத்திட்டு வர்றது. தம்பிகளா, சாமியை இடுப்புக்கு மேல வைங்கடா. அவ்வளவுதான் கேக்குறேன்.

கூட்டத்துல பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பரிமாறுற எல்லாருக்கும், டாட்டூ இருந்தாலும் இல்லாட்டியும், ஒரே டீ-சட்டை, கையுறை, தலைக்குத் துணி. கும்பல் நம்பர், கும்பல் கலர் எதுவும் பந்தலுக்குள்ள கிடையாது. மத்தபடி யார் தோலையும் யாரும் சோதிக்கப் போறதில்ல. அந்த மூத்த அண்ணன் முழுசா ஒத்துக்கல, ஆனா எழுந்து போகவும் இல்ல. வெங்காயம் உரிக்க ஆள் போதலைன்னு அவரே ரெண்டு தம்பிகளைக் கூப்பிட்டு உட்கார வச்சார்.

கடைசியா ஒரு உதவி. பச்சை குத்தின பாட்டிமார்கள் இப்போ விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்காங்க. உங்க வீட்டுல யாராவது இருந்தா, அவங்க சம்மதத்தோட கையைப் படம் எடுத்து வைங்க. என்ன கோலம், எந்த ஊர்ல குத்தினது, எத்தனை வயசுல, வலிச்சுதா, யார் கையைப் பிடிச்சுக்கிட்டாங்கன்னு கேட்டு எழுதி வைங்க. எனக்கும் அனுப்புங்க. பந்தல் வேலைக்கு வர்றவங்க ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துடுங்க, கத்தியும் வெட்டுப்பலகையும் கொண்டு வாங்க.