வெறுப்புக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்? அதில் எதற்குச் சிறை?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எமது பிள்ளைகளின் புத்தகப் பைகளில் இருக்கும் சிறிய ஆங்கில - தமிழ் அகராதி ஒன்றைத் திறந்து பாருங்கள். மெலிஸ், ஸ்பைட், க்ரட்ஜ், ஹேட்ரட், ஹொஸ்டிலிட்டி என்று எதைத் தேடினாலும் 'வெறுப்பு', 'பகை', 'குரோதம்' என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் வரும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்தச் சொற்களில் சில எமது நாட்டின் சட்டப் புத்தகங்களிலும் ஏறியிருக்கின்றன. அங்கே இவற்றின் பெயரால் மனிதர்கள் வருடக்கணக்காகச் சிறையில் இருந்திருக்கிறார்கள். எனவே இவற்றின் வரலாறு எமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் பல வீடுகளில் கடன் வாங்கி வளர்ந்த மொழி. 'ஹேட்' என்பது அதன் சொந்தச் சொல். 'இல் வில்' என்பதில் உள்ள 'இல்', கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கண்டிநேவியரின் சொல். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. மதகுருமாரும் படித்தவர்களும் இலத்தீனைக் கொண்டு வந்தார்கள். மனதில் இருக்கும் ஒரு கெட்ட எண்ணத்துக்கு இத்தனை பெயர் சேர்ந்தது அப்படித்தான்.

'க்ரட்ஜ்' பழைய பிரெஞ்சில் முணுமுணுத்தல் என்ற பொருளில் இருந்து வந்தது. எல்லை வேலித் தகராறு தீர்ந்து பத்து வருடமாகியும், ஒரே சஹனில் இருந்து சாப்பிட்டாலும், உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பவரிடம் இருப்பது இதுதான். தமிழில் கறுவுதல் என்போம். இதற்கு எப்போதும் ஒரு பழைய கணக்கு இருக்கும், ஓர் ஆள் இருப்பார்.

'ஸ்பைட்' என்பதன் வேர், ஒருவரைக் கீழாகப் பார்ப்பது. இன்று அது, எனக்கு நட்டம் வந்தாலும் பரவாயில்லை, அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்ற சின்னப் புத்தியைக் குறிக்கிறது.

'ரெங்கர்' என்பதன் இலத்தீன் வேர் ஊசிப்போன நாற்றம். இன்று வந்த கோபத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வருடக்கணக்கில் மனதில் அடைத்து வைத்துக் கெட்டுப்போனதுக்குத்தான் பொருந்தும்.

'என்வி' பார்வையோடு சம்பந்தப்பட்டது. ஒருவரைக் கெட்ட கண்ணால் பார்ப்பது என்பதே அதன் இலத்தீன் மூலம். எங்கள் ஊர்களில் கண்ணூறு என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கு ஹஸதும் ஹிக்தும் ஒன்றல்ல என்று தெரியும். ஒன்று மற்றவனுக்குக் கிடைத்தது அழிய வேண்டும் என்ற ஆசை, மற்றது மனதில் கட்டி வைத்த பகை. ஆங்கிலமும் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது.

'ஹொஸ்டிலிட்டி' இலத்தீனின் 'ஹொஸ்டிஸ்' என்ற சொல்லின் பிள்ளை. அந்தச் சொல் முதலில் அந்நியன் என்ற பொருளில் இருந்தது, பிறகுதான் எதிரி என்றானது. விருந்தாளியைக் குறிக்கும் 'கெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மூல வேரில் கிளைத்தது. வெளியூரான் வாசலில் நின்றால் ஒரு சொல் உள்ளே அழைக்கிறது, மற்றது கதவைச் சாத்துகிறது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

'ஹேட்ரட்' இவற்றில் வேறு ரகம். க்ரட்ஜுக்கு ஆள் தேவை, காரணம் தேவை. ஹேட்ரட்டுக்கு இரண்டும் தேவையில்லை. ஒருநாளும் கண்டிராத ஒரு சமூகம் முழுவதையும் ஒருவரால் வெறுக்க முடியும்.

'இல் வில்' என்பது கேடு நினைத்தல் மட்டும். எதுவும் செய்திருக்கத் தேவையில்லை. இந்த இடத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 'மெலிஸ்'. கெட்டது என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இங்கிலாந்தில் 1390ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முன்கூட்டிய மெலிஸோடு செய்த கொலையைத் தனியாகப் பிரித்து, அதற்கு அரச மன்னிப்புக் கிடைப்பதைக் கடினமாக்கியது. 1825இல் வங்கியாளர்களைப் பற்றிய ஓர் அவதூறு வழக்கில் நீதிபதி பெய்லி ஒரு முக்கியமான கோட்டைப் போட்டார். சாதாரண பேச்சில் மெலிஸ் என்றால் ஒருவர்மீதான கெட்ட எண்ணம். சட்டத்தில் அது, நியாயமான காரணமில்லாமல் வேண்டுமென்றே செய்யும் தவறான செயல்.

1957இல் இன்னொரு வழக்கு. கன்னிங்ஹாம் என்பவர் காசு திருடுவதற்காக வீட்டுச் சுவரில் இருந்த எரிவாயு மீற்றரைப் பிடுங்கினார். கசிந்த வாயு பக்கத்து வீட்டுக்குள் போய் ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்தானது. விசாரணை நீதிபதி, 'மெலிஷஸ்' என்றால் கெட்ட மனம் என்று ஜூரிக்கு விளக்கினார். மேன்முறையீட்டில் தீர்ப்பே இரத்தானது. மனிதன் கெட்டவனா என்பது கேள்வியல்ல, அந்தத் தீங்கை அவன் நினைத்தானா, அல்லது வரக்கூடும் என்று தெரிந்தும் துணிந்தானா என்பதுதான் கேள்வி என்றது நீதிமன்றம்.

அதாவது மெலிஸ் விடயத்தில் ஆங்கிலச் சட்டம் மெல்ல மெல்ல மனதின் நிறத்தை விட்டுவிட்டு, செயலையும் நோக்கத்தையும் பார்க்கப் பழகியது. ஆட்சியாளர்கள் தமக்கு எதிரான பேச்சைப் பிடிக்க வந்தபோது நடந்தது இதற்கு நேர்மாறு.

1870இல் பிரித்தானிய இந்தியாவின் தண்டனைச் சட்டக்கோவையில் இராஜதுரோகப் பிரிவு சேர்க்கப்பட்டது. கொண்டு வந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அதில் இருந்த சொல் 'டிஸ்அஃபெக்ஷன்'. 1897இல் பால கங்காதர திலகரைப் பம்பாயில் விசாரித்த நீதிபதி ஸ்ட்ரேச்சி, அந்தச் சொல்லுக்கு அன்பின்மை என்று பொருள் சொன்னார். வெறுப்பு, பகை, பிடிக்காமை, எதிர்ப்பு, இகழ்ச்சி, எல்லா வகைக் கெட்ட எண்ணமும் அதற்குள் அடங்கும் என்றார். அத்தனை நுணுக்கமான சொற்களும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. திலகருக்குப் பதினெட்டு மாதம் சிறை. அடுத்த வருடமே வகுப்புகளுக்கிடையே பகையையோ வெறுப்பையோ வளர்ப்பதும் குற்றமாக்கப்பட்டது. 1922இல் அதே இராஜதுரோகப் பிரிவில் ஆறு வருடம் பெற்ற காந்தி, அன்பைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது, இந்தியக் கோவையைப் பின்பற்றியது. அதன் 120ஆம் பிரிவு இன்றும் அந்த டிஸ்அஃபெக்ஷனையும், மக்களில் வெவ்வேறு வகுப்பினருக்கிடையே 'இல் வில்', 'ஹொஸ்டிலிட்டி' உணர்வுகளை வளர்ப்பதையும் குற்றமாக்குகிறது. இந்தச் சோடிச் சொல்லை ஸ்டீபன் 1877இல் எழுதிய குற்றவியல் சட்டத் தொகுப்பிலும் காணலாம். தண்டனை இரண்டு வருடம் வரை.

1979ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச்சட்டம் அதே இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டது. தண்டனை மட்டும் ஐந்து முதல் இருபது வருடமானது. சொல் மாறவில்லை, விலை மாறிவிட்டது. 2009 ஓகஸ்டில் ஊடகவியலாளர் திஸ்ஸநாயகத்துக்கு, எழுதிய கட்டுரைகள் உட்பட்ட குற்றச்சாட்டுகளில், இந்தச் சட்டத்தின் கீழ் இருபது வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த வருடம் மன்னிப்புக் கிடைத்தது. அதே 2009இல்தான் பிரித்தானியப் பாராளுமன்றம் இங்கிலாந்தில் இராஜதுரோகக் குற்றத்தையே நீக்கச் சட்டம் இயற்றியது. கடன் கொடுத்தவன் கணக்கை மூடிவிட்டான், கடன் வாங்கிய நாம் இன்னும் வட்டி கட்டுகிறோம்.

எம்மவரில் அஹ்னாஃப் ஜஸீமை மறந்திருக்கமாட்டீர்கள். கவிஞர், ஆசிரியர். 2017இல் 'நவரசம்' கவிதைத் தொகுப்பை வெளியிட்டவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. போன வருடங்களை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரமுடியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம், பாகுபாட்டுக்கோ ஹொஸ்டிலிட்டிக்கோ வன்முறைக்கோ தூண்டும் இன, மத ஹேட்ரட்டைத் தடுக்கிறது. பத்து வருடம் வரை சிறை. பிணை மேல் நீதிமன்றத்தில் மட்டும். 2014 ஜூனில் அளுத்கமையும் 2018 மார்ச்சில் திகனயும் எரிந்தபோது எம்மில் பலர் கேட்டது இந்தச் சட்டத்தைத்தான். 2019இல் ஒரு முஸ்லிம் பெண் உடுத்திருந்த உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டு அவரைக் கைது செய்தபோது சொல்லப்பட்டதும் இதே சட்டம்தான். எம்மைக் காக்க வந்த வேலி எமது காலிலேயே குத்தியது.

ஏன் இப்படி? சட்டத்தின் வாசகத்தில் வெறுப்பு மட்டும் போதாது, அது தூண்டுதலாக இருக்க வேண்டும். கைது செய்பவர்கள் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். இதற்காகத்தான் 2012இல் ஐக்கிய நாடுகளின் ரபாத் செயற்திட்டம் ஆறு கேள்விகளை வகுத்தது. சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, சொன்னது என்ன, எத்தனை பேரை எட்டியது, தீங்கு வர எவ்வளவு வாய்ப்பு. பெய்லியும் கன்னிங்ஹாம் வழக்கும் கேட்ட கேள்விகளின் சொந்தக்காரக் கேள்விகள் இவை.

நாமும் இதைப் பழக வேண்டும். முறைப்பாடு எழுதும்போது 'அவன் துவேசம் பிடித்தவன்' என்று எழுதினால் அது ஒருவருடைய மனதைப் பற்றிய எமது கருத்து மட்டுமே. இன்ன திகதியில், இன்ன இடத்தில், இன்ன சொற்களால், இன்னதைச் செய்யச் சொன்னார், அதன் பிறகு இன்னது நடந்தது என்று எழுதுங்கள். அதைத்தான் நிரூபிக்க முடியும்.

எமது பதிவுகளிலும் அப்படியே. இரண்டு கடைக்காரருக்கிடையிலான வியாபாரக் கறுவலை இன வெறுப்பு என்று எழுதி ஐந்நூறு பேர் பகிர்ந்தால், நாளை உண்மையான இன வெறுப்பு வாசலுக்கு வரும்போது அந்தச் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். எமக்குப் பிடிக்காத ஒரு கருத்தை எழுதியவர்மீது, அவர் சிங்களவரோ தமிழரோ எம்மவரோ, அதே சட்டத்தைப் போடச் சொல்லிக் கேட்கும் முன்பும் ஒரு தடவை யோசியுங்கள். அவர் யாரையாவது எதையாவது செய்யத் தூண்டினாரா, இல்லை எமது மனம் நொந்தது மட்டும்தானா?

மனம் நொந்தால் பதில் எழுதலாம். தூண்டினால்தான் பொலிஸுக்குப் போக வேண்டும்.