ஏரிக்கு மருந்தடிச்ச கதை: ஆர்சனிக், நீர்யானை, ஹைட்ரில்லா

ஏரி முழுக்கப் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இலை, நடுநடுவே ஊதா கலரில் பூ. ஆகாயத்தாமரைன்னு பேப்பரில் போடுவாங்க. (ஆகாயத்தாமரை என்பது சரியாகச் சொன்னால் வேறு செடி, அதுக்குப் பூ இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது. ஊதாப் பூ பூக்கிறது வெங்காயத்தாமரை. இந்தப் பதிவில் அப்படியே வச்சுக்குவோம்.) இதை ஆள் வச்சு அள்ளும் படம் வந்தால் போதும், கீழே யாராவது ஒருத்தர் கேட்பார்: "மருந்தடிச்சா முடிஞ்சு போச்சே, எதுக்கு இந்தப் பாடு?"

நியாயமான கேள்விதான். இதே கேள்வியைக் கேட்டு, நிஜமாகவே மருந்தும் அடிச்சுப் பார்த்த ஊர் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடா. அவங்க ஆரம்பிச்சு 120 வருஷத்துக்கு மேல் ஆச்சு. அந்தக் கதை நமக்கும் உபயோகப்படும்.

இந்தச் செடியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1884-ல் நியூ ஆர்லியன்ஸில் பெரிய பருத்திக் கண்காட்சி நடந்தது. அங்கே வந்தவங்க பூ அழகா இருக்கேன்னு ஆளுக்கொரு செடியை வீட்டுக்கு எடுத்துப் போனாங்க, அப்படித்தான் பரவியதுன்னு சொல்வாங்க. 1890 வாக்கில் ஃபுளோரிடாவில் பலாட்கா என்ற ஊர் பக்கம், செயின்ட் ஜான்ஸ் ஆற்றுக்குள் வந்து சேர்ந்தாச்சு. ஏழே வருஷம். 1897-ல் ஹெர்பர்ட் வெபர் என்ற தாவரவியல்காரர் அமெரிக்க விவசாயத் துறைக்கு இதைப் பற்றி ஒரு தனி அறிக்கையே எழுத வேண்டி வந்தது. நீராவிப் படகு போக வழியில்லை, வெட்டின மரத்தை மிதக்க விட்டுக் கொண்டுபோக வழியில்லை.

1899-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த வேலையை ராணுவப் பொறியாளர் படையிடம் கொடுத்தது. முதலில் செடியை வாரி நசுக்குகிற படகை இறக்கினாங்க. இவங்க ஒரு பக்கம் நசுக்க, அது இன்னொரு பக்கம் வளர்ந்தது. நல்ல சூடும் சத்தும் கிடைச்சால் ரெண்டு வாரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிற செடி. படகு எப்படி ஈடு கொடுக்கும்?

1902-ல் சட்டத்தைத் திருத்தினாங்க: இயந்திரமோ, ரசாயனமோ, எந்த வழியானாலும் சரி. வந்தது சோடியம் ஆர்சனைட். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் பாஷாணக் கரைசல். செடி செத்தது, சந்தேகமே இல்லை. கூடவே, ஆற்றோரம் இந்த இலையை மேய்ந்த மாடுகளும் செத்தன. 1905-ல் மறுபடி திருத்தம்: இந்தச் செடியை மேயும் கால்நடைகளுக்குக் கெடுதல் செய்யும் ரசாயனத்தை ஃபுளோரிடாவில் பயன்படுத்தக் கூடாது.

கவனிச்சீங்களா? தடை ஃபுளோரிடாவுக்கு மட்டும். லூசியானாவில் ஆர்சனிக் 1930கள் வரைக்கும் ஓடியது. தடைக்குக் காரணமும் மாடுதான். தெளிப்பானைப் பிடிச்சு நின்ற கூலி ஆளைப் பற்றி அந்தத் திருத்தத்தில் பேச்சே இல்லை.

அடுத்த ஐடியாவைக் கேட்டால் சிரிப்பீங்க. 1910-ல் லூசியானாவைச் சேர்ந்த ராபர்ட் புரூசார்ட் என்ற காங்கிரஸ் உறுப்பினர் ஒரு மசோதா கொண்டு வந்தார். ஆப்பிரிக்காவில் இருந்து நீர்யானைகளைக் கொண்டு வந்து விட வேண்டும். அது செடியைத் தின்னும், நாம் அதைத் தின்னலாம். அப்போ இறைச்சித் தட்டுப்பாடு வேறு. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் :-) இதற்காக 2,50,000 டாலர் கேட்டார். மசோதா நிறைவேறவில்லை. தப்பிச்சாங்க.

நிஜமான திருப்பம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. 2,4-டி என்ற களைக்கொல்லி. செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போலவே நடிக்கும் ரசாயனம் இது. செடிக்குக் கண்டபடி வளரச் சொல்லிக் கட்டளை போகும். அதுவும் கேட்கும். முறுக்கிக்கொண்டு, தாறுமாறாக வளர்ந்து, தானே செத்துப்போகும். விலையும் சல்லிசு. பொதுவாக அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொன்று, புல் வகையை விட்டுவிடும் மருந்து இது. வெங்காயத்தாமரை ஒருவித்திலைத் தாவரம், அதாவது புல்லோட கூட்டம். ஆனாலும் இந்த மருந்துக்கு மடங்கிவிட்டது.

இத்தோட கதை முடிஞ்சிருக்கணும் இல்லையா? 1960களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் வெங்காயத்தாமரை மூடியிருந்த பரப்பு 1,20,000 ஏக்கருக்கு மேல். மருந்து கைக்கு வந்து பதினைந்து வருஷம் கழிச்சு!

ஏன்? ஏரி மூடும்வரை சும்மா இருந்துட்டு, மூடினதும் ஓடிப்போய் அடிச்சாங்க. ஒரேயடியாகச் செத்த செடி எல்லாம் அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும். செடிக்குள் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரும்பத் தண்ணீருக்கே வரும். சேற்றுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும் விதைகள், மேலே வெளிச்சம் கிடைச்சதும் முளைக்கும். அதாவது அடுத்த பயிருக்கு நாமே உரம் போட்டு, கூரையையும் பிரிச்சுக் கொடுத்த மாதிரி.

1970களில் மாற்றினது மருந்தை இல்லை, அட்டவணையை. செடி கொஞ்சமாக இருக்கும்போதே, வருஷம் முழுக்க, சின்னச் சின்னதாக அடிக்கிறது. பராமரிப்பு முறைன்னு பேர். கூடவே 1972-ல் இந்தச் செடியை மட்டும் தின்னும் கூன்வண்டுகளையும் விட்டாங்க. பரப்பு சில ஆயிரம் ஏக்கராகக் குறைந்தது. மொத்தமாகச் செலவான மருந்தும் குறைவு, அழுகியதும் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை: நிறுத்தவே கூடாது. பொட்டி தட்டும் நம்ம மக்களுக்குப் புரியும்படி சொன்னால், இது ஒருமுறை முடிச்சுக் கொடுக்கும் ப்ராஜெக்ட் இல்லை, காலத்துக்கும் ஓடும் சப்போர்ட் வேலை.

நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தால் இன்னொரு வில்லன். பள்ளிக்கூட லேபில் புனலைக் கவிழ்த்து, சோதனைக்குழாயில் குமிழி எண்ணினோமே, அதே ஹைட்ரில்லா! நம்ம ஆசியப் பக்கத்துச் செடி. 1950களில் மீன்தொட்டி வியாபாரம் மூலமாக ஃபுளோரிடா போச்சு. தண்ணீருக்கு உள்ளேயே வளர்வதால் இலைமேல் தெளிக்கிறது எடுபடாது. 1980களில் ஃபுளூரிடோன் வந்தது. தண்ணீரிலேயே கலந்து வைத்தால் ஹைட்ரில்லா வெளுத்துச் சாகும். 2000 வாக்கில் பார்த்தால், சில ஏரிகளில் பழைய அளவுக்கு அசையவில்லை. இத்தனைக்கும் அங்கே பரவியது முழுக்கப் பெண் செடி, விதை கிடையாது, துண்டு துண்டாக ஒடிந்து பரவுகிறது. அப்படியும் திசுவில் வந்த ஒரு சின்ன மரபணு மாற்றம் அதைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரே மருந்தை ஏரி ஏரியாக அடிச்சதில், சாகாதது மட்டும் தேறிப் பெருகிவிட்டது.

2019 ஜனவரியில், தூண்டில் போடுறவங்களும் ஏரிக்கரை ஜனங்களும் போட்ட சத்தத்தில், ஃபுளோரிடா அரசு மருந்தடிப்பதைச் சில வாரம் நிறுத்தி, கருத்துக் கேட்டுவிட்டு மறுபடி தொடங்கியது. 1905-ல் மாட்டுக்காக வந்த கேள்வி, 2019-ல் மீனுக்காக வந்தது.

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். மருந்தடிச்சா செடி சாகும். ஆனால் அதோட தீனி சாகாது. நம்ம ஏரிகளில் அந்தத் தீனி பெரும்பாலும் சாக்கடை வழியாகத்தான் வருது. சாக்கடையை மறிக்காமல், வருஷாவருஷம் ஆளும் காசும் ஒதுக்காமல், பேப்பரில் படம் வந்த அன்னைக்கு மட்டும் அடிச்சால் 1960 ஃபுளோரிடாதான் கிடைக்கும். அதுவும் மாடு தண்ணி குடிக்கிற, ஜனம் துவைச்சுக் குளிக்கிற, மீன் குத்தகை விடுற ஏரியில். ஆள் வச்சு அள்ளுறதைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அள்ளினால் அந்தச் சத்தும் செடியோடு சேர்ந்து கரையேறிடும். அள்ளி, கரையிலேயே குவிச்சு வச்சுட்டுப் போகாத வரைக்கும் :-)

உங்க ஊர் ஏரியில் என்ன செய்யறாங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.