விளிம்பில் நிற்கும் பெயர்

முதல் உலகப் போருக்குச் சென்று வந்த முன்னோரின் டிரங்குப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளின் பரண்மீது உறங்குகின்றன. அவற்றில் உள்ளவை இன்னவென்று அறியாததால் எடைக்குப் போடப்பட்டவை எத்தனையோ! கடிகாரத்தின் உறுப்பைப்போல் சுற்றிலும் எண்கள் பொறித்த கூம்பு வடிவப் பித்தளை ஒன்று கிடைத்தால், அது பீரங்கிக் குண்டின் தலையில் பொருத்தி வெடிநேரத்தை அமைக்கும் கருவியாக இருக்கக்கூடும். (அதனைத் திருகிப் பார்க்க வேண்டாம், காவல் நிலையத்திற்குச் சொல்லியனுப்புக.)

ஆயினும், அப்பெட்டியுள் மிகுதியாகப் பேசுவது பதக்கமே. ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் கழுகு பொறித்த கேடயத்தை மிதிக்கும் குதிரைமேல் ஆடையற்ற வீரன். 1914, 1918 என்னும் ஆண்டுகள். இது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இரு முகங்களையும் பார்த்ததோடு வைத்துவிடாதீர்கள். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும்.

உலோகத்தையும் கவனிக்க வேண்டும். போரிட்ட சிப்பாய்க்கு வெள்ளி. தொழிலாளர் படையில் மூட்டை சுமந்தவருக்கும் படையோடு சென்ற பணியாளருக்கும் வெண்கலம். வெள்ளிப் பதக்கங்கள் அறுபது இலட்சத்திற்கும் மேல். வெண்கலமோ ஏறத்தாழ 1,10,000 மட்டுமே. சில வெண்கலப் பதக்கங்களில் பதவி என்னும் இடத்தில் 'கூலி' என்றே பதிந்துள்ளது. குண்டுகளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

இதற்கு நேர்மாறானது, உள்ளங்கையை நிறைக்கும் வெண்கலத் தகடு. சிங்கத்தோடு நிற்கும் பிரிட்டானியாவின் உருவம் அதில் உண்டு. மடிந்தவரின் குடும்பத்திற்கு அரசு அனுப்பியது அது. 13 இலட்சத்திற்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. இங்கிலாந்து மக்கள் அதனைக் கசப்போடு 'செத்தவன் காசு' என்றனர். அதில் பெயர் உண்டு, பதவி இல்லை. உயிரீகத்தில் உயர்வு தாழ்வு கிடையாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் கொள்கை கல்லில் நிலைக்கவில்லை. மெசபடோமியாவில் மடிந்து, கல்லறையும் அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக ஈராக்கின் பஸ்ராவில் 1929இல் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ, படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றனர். இத்தகைய பாகுபாட்டை ஒப்புக்கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். கல் மறுத்த பெயரை, தகடோ ஒரு பதக்கத்தின் விளிம்போ இன்றும் தாங்கியிருக்கலாம்.

ஆகவே, புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், எழுத்துகள் தேய்ந்துவிடும். இருப்பதை இருந்தவாறே, பிழையோடும், படியெடுங்கள். தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தர் எழுதிய பெயர் நமக்கு அயலாகத் தோன்றும். அதனை உரக்கப் படித்துப் பாருங்கள். பின்பு பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், தந்தை பெயரும் ஊரும் கிடைக்கக்கூடும்.