புலிப்பால் யாருடைய மருந்து?

தாய்ப்புலி குட்டிக்கு ஊட்டும்போது மண்ணில் சிந்திய பாலிலிருந்து முளைத்ததாம் புலிப்பால் காளான். மலாயில் ‘செண்டாவான் சூசு ஹரிமாவ்’. மருந்து அதன் குடையில் இல்லை. மண்ணுக்கடியில் கிழங்குபோல் இறுகிக்கிடக்கும் பகுதியில் இருக்கிறது. பகாங் காடுகளின் ஓராங் அஸ்லி மக்கள் இருமலுக்கும் இளைப்புக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.

கிழக்கிலிருந்து ஏசு சபையினர் அனுப்பிய அரும்பொருட்களில் புலிப்பாலும் இருந்ததை 1664இல் ஜான் ஈவ்லின் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1879இல் குக் என்ற ஆங்கிலேயர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1885இல் மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கே நிலைத்துவிட்டது. அங்கே முன்பே வாழ்ந்த செமாய் மக்களில் ஒருவர் பெயர்கூட இந்த வரிசையில் இல்லை.

1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காடு போய்த் தேயிலை வந்தது. நம்ம ஆளுங்க கொழுந்து கிள்ளினார்கள். அவர்கள் பெயரும் பெரும்பாலும் செக்ரோலோடு போயிற்று. ‘காட்டை அழிச்சு நாட்டை உருவாக்கினோம்’ என்று மேடைகளில் நாமும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த உழைப்பு பொய்யில்லை. ஆனால் அழிந்த காடு இன்னொருவரின் மருந்துப்பெட்டி என்பதை நாம் சொல்வதில்லை.

இன்று அதே காளானை வளர்த்து, தூளாக்கி விற்கிறார்கள். வீக்கத்தைத் தணிக்கும் தன்மையை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களிடம் சான்று இன்னும் குறைவு. ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம்.

தோட்ட வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் தேயிலைக்கு முந்தைய பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.