அமெரிக்கன் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை

கலிபோர்னியா மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில், அமெரிக்கன் ஆறு சாக்ரமெண்டோ ஆற்றோடு கலக்கும் இடத்தில் தொடங்கி ஃபோல்சம் ஏரி வரை ஆற்றை ஒட்டியே செல்லும் தார்ப்பாதை. நீளம் 32 மைல், அதாவது சுமார் 51 கிலோமீட்டர். ஜெடிடையா ஸ்மித் நினைவுப் பாதை என்பது இதன் முறையான பெயர். பேச்சில் அதைக் கேட்பது அரிது. உள்ளூர்க்காரர்களுக்கு இது வெறும் ‘பைக் டிரெயில்’. கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இதில் இடமில்லை. நகரின் பெருஞ்சாலைகள் பாலங்களாகத் தலைக்கு மேலே போய்விடுகின்றன. பூங்காக்களின் உள்சாலைகள் குறுக்கிடும் இடங்களைத் தவிர, காலை ஊன்றி நிற்கவேண்டிய அவசியம் அநேகமாக வராது.

பெயருக்குரிய ஜெடிடையா ஸ்மித் (1799–1831) பீவர் தோலுக்காக மேற்கே வந்த வேட்டைக்காரர். மரத்தைக் கடித்து அணை கட்டும் விலங்கு அது. 1827 வசந்தத்தில் இந்த ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக சியரா நெவாடா மலையைக் கடக்க முயன்று, பனி மறித்ததால் திரும்பிப் போனார். அவர் தேடி வந்த பீவர் இன்றும் இங்கே உண்டு. பாதையோரக் காட்டன்வுட் மரங்களின் அடியைப் பென்சில் சீவியதுபோல் கூராக்கி வைத்திருப்பது அதன் வேலைதான்.

நிலம் மிஞ்சிய விதம்

பெருநகரத்தின் நடுவே, வீடும் கடையும் ஏறாத நிலம் ஆற்றின் இரு கரையிலும் 23 மைல் நீளத்துக்கு எப்படி மிஞ்சியது என்பதுதான் இந்தப் பாதையைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி. பசுமைப் பற்றும் தொலைநோக்கும் பிற்பாடு வந்தவை. முதலில் வந்தது வெள்ளம்.

1848 ஜனவரி 24 அன்று இந்த ஆற்றின் தென்கிளையில், கொலோமா என்ற இடத்தில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு ஆறுகளும் கூடும் தாழ்நிலத்தில் சாக்ரமெண்டோ நகரம் அவசரமாக முளைத்தது. அந்த அவசரத்துக்கு விலை 1862இல் வந்தது. அந்த ஜனவரியில் ஆளுநராகப் பதவியேற்ற லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு, தண்ணீர் நின்ற தெருக்களில் படகில் விழாவுக்குப் போக வேண்டியிருந்தது. சட்டமன்றம் கொஞ்ச காலம் சான் பிரான்சிஸ்கோவுக்கே இடம்பெயர்ந்தது. வெள்ளம் வடிந்த பிறகு நகரத்தார் தெருக்களை மண் கொட்டி உயர்த்தினார்கள். 1860களிலேயே அமெரிக்கன் ஆற்றின் முகத்துவாரத்தையும் வெட்டி வடக்கே தள்ளினார்கள். ஆகவே பாதையின் பூஜ்ய மைல் குறிக்கப்பட்டிருக்கும் டிஸ்கவரி பூங்காவில் இன்று காணும் கூடல், இயற்கை வைத்த இடத்தில் இல்லை.

ஆபத்தைப் பெருக்கியது தங்கமேதான். பீய்ச்சுக்குழாய்களால் மலைச்சரிவுகளைக் கரைத்துத் தங்கம் எடுக்கும் முறையில், கரைந்த மண்ணெல்லாம் ஆறுகளில் இறங்கிப் படுகையை உயர்த்தியது. 1884இல் நீதிபதி சாயர் அளித்த தீர்ப்பு, மண்ணை ஆற்றில் தள்ளும் இந்தச் சுரங்கமுறைக்குத் தடை போட்டது. படுகை மேடானதால் வெள்ளம் அகலமாகப் பரவ இடம் விட்டு, கரைகளை ஆற்றிலிருந்து தள்ளிக் கட்டவேண்டி வந்தது. நகரையொட்டிய பகுதியில் இரு கரைகளுக்கும் இடைப்பட்ட அந்த நிலத்தில்தான் பாதை ஓடுகிறது. மழைக்காலத்தில் ஆறு எடுத்துக்கொள்வதற்கென்று விட்டுவைத்த இடம் அது.

நிலத்தைப் பூங்காவாக்கும் யோசனை பழையது. நகரமைப்பு வல்லுநர் ஜான் நோலன் 1910களிலேயே ஆற்றோரப் பசுமைத்தொடர் ஒன்றைப் பரிந்துரைத்தார்; அப்போது யாரும் பணம் ஒதுக்கவில்லை. 1950களின் நடுவில் ஃபோல்சம் அணையும் அதன் கீழே நிம்பஸ் அணையும் எழுந்ததும் நிலைமை மாறியது. வெள்ள பயம் குறைந்தது, மனை விலை ஏறியது, ஆற்றோரத்துக்கு வீட்டுமனைத் திட்டங்கள் வந்து நின்றன. இதைக் கண்ட ஊர்க்காரர்கள் 1961இல் ‘அமெரிக்கன் ஆற்றைக் காப்போம் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் எஃபி யா என்ற பள்ளி ஆசிரியையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பிள்ளைகளை ஆற்றோரக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய்ப் பாடம் சொன்னவர். கார்மைக்கேல் பகுதியில், பாதைக்கு எதிர்க்கரையில் இருக்கும் இயற்கை மையம் அவர் பெயரைத் தாங்குகிறது. மாவட்டப் பூங்காத்துறையின் முதல் இயக்குநர் வில்லியம் பாண்ட், 1960களின் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாக நிலம் வாங்கிச் சேர்த்தார். அணை வந்து பயத்தைப் போக்கியிராவிட்டால் மனைகள் வந்திருக்காது, மனைகள் வந்திராவிட்டால் சங்கமும் பூங்காவும் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

சட்டப் பாதுகாப்பு இரண்டு முறை கிடைத்தது. 1972இல் மாநிலத்தின் இயற்கை ஆறுகள் சட்டம் நிம்பஸ் அணைக்குக் கீழே உள்ள பகுதியைச் சேர்த்துக்கொண்டது. மத்திய அரசின் பட்டியலில் அது ஏறியது 1981 ஜனவரி 19 அன்று. ஜிம்மி கார்ட்டர் அதிபர் பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தைய நாள்.

பாதை செல்லும் வழி

சாக்ரமெண்டோவுக்கும் ஃபோல்சமுக்கும் இடையே சைக்கிள் தடம் என்பது 1960களின் கண்டுபிடிப்பு இல்லை. 1890களில், சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தபோது, நகரத்துச் சைக்கிள் சங்கத்தார் பணம் திரட்டி ஒரு தடம் போட்டிருந்தார்கள். மோட்டார் கார் வந்ததும் அது கவனிப்பாரின்றி அழிந்தது. இன்றைய பாதை பூங்காவோடு சேர்ந்து பல கட்டங்களாகப் போடப்பட்டது.

டிஸ்கவரி பூங்காவிலிருந்து முதல் சில மைல்கள் வடகரையில் தட்டையாகப் போகும். ஒருபுறம் உயர்ந்த வெள்ளக்கரை, மறுபுறம் காட்டன்வுட், ஓக், காட்டுத்திராட்சை என்று அடர்ந்த ஆற்றோரம். நகரத்தின் இரைச்சல் கேட்கும். நகரம் கண்ணில் படாது. வீடற்றோர் கூடாரங்கள் அதிகம் இருப்பதும் இந்தப் பகுதியில்தான். கோடையில் காய்ந்த புல் தீப்பிடித்து எரிவது இங்கே அடிக்கடி நிகழ்கிறது; சில வளைவுகளில் கருகிய அடிமரங்கள் வரிசையாக நிற்கும். தனியாகப் போகிற பலர் இந்தத் தொடக்கப் பகுதியை விட்டுவிட்டு, நகரத்துக்குக் கிழக்கே வண்டியிறக்கிக் கிளம்புகிறார்கள்.

சாக்ரமெண்டோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே 1967இல் திறந்த கை வெஸ்ட் தொங்குபாலம் வருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைச் சிறியதாக்கி வைத்ததுபோன்ற தோற்றம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். வகுப்பு விடும் நேரத்தில் மாணவர் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் கடக்க முடியும்.

இன்னும் கிழக்கே, பாண்ட் பெயரிலான பூங்காவை ஒட்டி ஒரு சைக்கிள் பாலம் பாதையைத் தென்கரைக்கு மாற்றுகிறது. அங்கே இருப்பது ரிவர் பெண்ட் பூங்கா. முன்பு கொடையாளர் சார்லஸ் கேத்தேயின் பெயரில் இருந்தது. அவர் இன மேம்பாட்டுவாதத்தைத் தீவிரமாகப் பரப்பியவர் என்பதால் 2008இல் மாவட்ட நிர்வாகம் அந்தப் பெயரை நீக்கியது. கோடை வார இறுதிகளில் ரப்பர் மிதவைகளில் மேலிருந்து மிதந்து வருகிறவர்கள் கரையேறும் இடமும் இதுதான். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளிலும், ஆழமான அணையிலிருந்து வரும் தண்ணீர் சில்லிட்டிருக்கும். வெக்கை தாளாமல் திடீரென்று குதிப்பவர்களை அது பலமுறை பலி வாங்கியிருக்கிறது.

ஃபேர் ஓக்ஸ் ஊருக்குப் போகும் பழைய இரும்புப் பாலத்தில் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. அதில் சைக்கிளைத் திருப்பி மேடேறினால், உரிமையாளர் யாருமில்லாத சேவல்களும் கோழிகளும் தெருவில் திரியும் சிறு கடைவீதி வரும். காப்பி குடிக்க நல்ல இடம். தட்டில் கோழி கொத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதையில் ஒரே ஒரு இடத்தில் நிற்க நேரம் இருந்தால், அது நிம்பஸ் அணைக்குக் கீழே உள்ள மீன் குஞ்சு பொரிப்பகமாக இருக்கட்டும். அணைகள் சினூக் சால்மன் மீன்களை அவை முட்டையிடும் மேலாற்றுப் பகுதிகளிலிருந்து பிரித்துவிட்டன. அதற்கு ஈடாக 1950களில் இது கட்டப்பட்டது. பசிபிக் கடலில் சில ஆண்டுகள் வளர்ந்த மீன்கள், இலையுதிர்காலத்தில் பிறந்த ஆற்றையே தேடி வருகின்றன. நவம்பர் வாக்கில் மீன் ஏணி திறக்கும். கை நீளத்துக்கு இருக்கும் மீன், தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குத் துள்ளுவதை வெகு அருகில் நின்று பார்க்கலாம். வால் தேய்ந்து, செதில் உரிந்து, வெள்ளைப் புண்களோடு வந்து சேரும் மீன்களும் உண்டு. ஆற்றில் நுழைந்த பிறகு அவை எதுவும் உண்பதில்லை. ஏணி ஏறாதவை ஆற்றின் கூழாங்கல் படுகையிலேயே முட்டையிட்டுச் சாகின்றன. அந்த மாதங்களில் பாதை முழுக்க அழுகல் வாடை. கழுகுகளும் கடற்புறாக்களும் மேட்டில் காத்திருக்கும். ஆண்டுதோறும் சுமார் 40 லட்சம் சினூக் குஞ்சுகளை வளர்த்துவிடுவது பொரிப்பகத்தின் இலக்கு.

இங்கே ஹேசல் அவென்யூ பாலம் வழியாகப் பாதை மீண்டும் வடகரைக்கு ஏறி, நதோமா ஏரியின் ஓரமாகச் செல்கிறது. நிம்பஸ் அணை தேக்கிய நீர் இது. இந்த வட்டாரத்தில் புல்லும் முளைக்காத கூழாங்கல் மேடுகள் வரிசை வரிசையாகத் தென்படும். தங்கம் தேடிய மிதவை இயந்திரங்கள் நிலத்தைத் தோண்டிச் சலித்து, பின்னால் துப்பிவிட்டுப் போன கற்கள் அவை. அந்த வேலை 1962 வரை நடந்தது. சற்று மேலே கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கம் எடுத்த மணல்திட்டு, அவர்கள் நினைவாகப் பிளாக் மைனர்ஸ் பார் என்று அண்மையில் பெயர் மாற்றப்பட்டது.

எதிர்க்கரையில் ஃபோல்சம் ஊர். 1895இல் இங்கிருந்த நீர்மின் நிலையம் 22 மைல் தொலைவிலிருந்த சாக்ரமெண்டோவுக்கு மின்சாரம் அனுப்பியது, அக்காலத்தில் பெரிய சாதனை. பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கைதிகள் முன் பாடி ஒலிப்பதிவு செய்த சிறையும் இதே ஊரில்தான். இன்றைக்கு ஃபோல்சமிலும் பக்கத்து ஊர்களிலும் கணினித்துறையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் வசிக்கின்றன. கடைசி இரண்டு மூன்று மைல்கள் ஏற்றம். ஃபோல்சம் அணையின் பக்கவாட்டுக் கரையை ஒட்டி ஏறி, பீல்ஸ் பாயிண்ட் என்ற, கடற்கரைபோன்ற ஏரிக்கரையில் பாதை முடிகிறது.

வெள்ளம் வரும் ஆண்டுகள்

அணைக்குக் கீழே உள்ள கரைகள் விநாடிக்கு 1,15,000 கன அடி நீரைத் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை. 1986 பிப்ரவரியில் பத்து நாட்களுக்கு ஓயாத மழை. மேலே ஆபர்னில் கட்டி முடிக்கப்படாத அணைக்காகப் போட்டிருந்த தற்காலிக மண்தடுப்பும் உடைந்து, அந்த நீரும் ஃபோல்சம் ஏரிக்குள் வந்தது. வேறு வழியின்றி 1,30,000 கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். கரைகள் மயிரிழையில் தாக்குப்பிடித்தன. அதன்பின் கரைகள் வலுப்படுத்தப்பட்டன. ஃபோல்சம் அணையில் கூடுதல் நீர்போக்கி ஒன்று 2017இல் முடிந்தது. ஆபர்ன் அணை கடைசிவரை கட்டப்படவேயில்லை.

சாதாரண மழை ஆண்டுகளிலும் டிஸ்கவரி பூங்கா முழுகும். பாதையின் மைல்குறிகள் தண்ணீருக்கடியில் போய், வடிந்த பிறகு சேறும் மரக்கட்டையும் கிடக்கும். அவற்றை வாரியள்ளும் வரை அந்தப் பகுதி மூடியே இருக்கும்.

ஓட்டும் முறை

வேக வரம்பு மணிக்கு 15 மைல். சைக்கிள்கள் வலப்பக்கம், நடப்பவர்கள் தாருக்கு வெளியே இடப்பக்க மண்விளிம்பில், எதிரே வரும் சைக்கிளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முந்துகிறவர் முன்கூட்டியே குரல் கொடுப்பது வழக்கம். பந்தய சைக்கிள்காரர்கள் வரம்பை மதிப்பதில்லை என்பதும், நடப்பவர்கள் நான்கு பேராகப் பாதையை அடைத்துக்கொள்கிறார்கள் என்பதும் இங்கே தீராத வழக்கு. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு.

கோடையில் விடியற்காலையில் கிளம்புவதே புத்தி. கிழக்கே போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம் என்று கணக்குப் போடுகிற புதியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மாலையில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கமிருந்து டெல்டா காற்று கிளம்பிவிட்டால், அது திரும்பும் வழியில் முகத்துக்கு நேரே அடிக்கும். இறக்கத்தின் லாபத்தை அது எடுத்துக்கொள்ளும்.

டயருக்கு எமன் நெருஞ்சி. நம் வயல்வரப்பில் படரும் அதே செடிதான், கலிபோர்னியாவுக்கு வந்தேறியது. தார்விளிம்பில் தரையோடு தரையாகக் கிடக்கும். முள் காய்ந்து உதிரும் கோடை முடிவில் மண்விளிம்பில் சைக்கிளை இறக்காமலிருப்பது நல்லது. குத்திய முள்ளை அந்த இடத்திலேயே பிடுங்கினால் காற்று உடனே இறங்கிவிடும். நிழலும் தண்ணீர்க்குழாயும் இருக்கும் அடுத்த பூங்கா வரை அப்படியே ஓட்டிப் போய்ப் பங்சர் ஒட்டுவது பழகியவர்கள் வழக்கம். வெயிற்காலத்தில் தார் மேல் படுத்துக் கிடக்கும் விரியன் வகைப் பாம்பையும் கவனிக்க வேண்டும். கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டால் தூரமாக நின்று அது போக வழி விட்டால் போதும்.

முப்பத்திரண்டு மைலும் போதாதவர்களுக்குக் கிளைவழிகள் உண்டு. மேற்கு முனையிலிருந்து ஆற்றோரமாகப் பழைய சாக்ரமெண்டோ கடைவீதிக்குப் போகலாம். வடக்கே, கைவிடப்பட்ட ரயில்தடத்தின் மேல் போட்ட பாதை ரியோ லிண்டா பக்கம் செல்கிறது. நிம்பஸிலிருந்து தெற்கே ஃபோல்சம் தென்கால்வாயின் கரை. மர நிழல் அறவே கிடையாது. ஃபோல்சமில் ஜானி கேஷ் பெயரிலான பாதை சிறைச்சாலை நிலத்தின் ஓரமாக, சாலைகளுக்கு மேலும் கீழும் புகுந்து ஊரின் மற்றச் சைக்கிள் தடங்களோடு சேர்கிறது.