மாத்திரை சொன்ன ஜோசியம்

மாதவிலக்கு தள்ளிப்போனால் இன்று சிறுநீரைச் சோதிக்கிறோம். 1960-களில் பிரிட்டனில் பல டாக்டர்கள் 'பிரிமோடாஸ்' என்ற ஹார்மோன் மாத்திரைகள் இரண்டைக் கொடுத்து, அடுத்தடுத்த நாள்களில் விழுங்கச் சொன்னார்கள். சில நாள்களில் உதிரம் பட்டால் கர்ப்பம் இல்லை, படாவிட்டால் கர்ப்பம்!

இது எப்படி என்று கேட்பீர்கள். கருப்பையின் உட்சவ்வை ஹார்மோன்கள் தாங்கி நிற்கின்றன. மாத்திரையை நிறுத்தியதும் தாங்குவாரின்றிச் சவ்வு கழன்று வெளியேறும். கரு தரித்திருந்தாலோ உடலே ஹார்மோன்களை இடைவிடாமல் சுரப்பதால் அது கழலாது. கணக்கு என்னவோ சரிதான். ஆனால், கரு இருந்தால் அம்மருந்து அதற்கும் போய்ச் சேருமே! இத்தனைக்கும், சிறுநீரைச் சோதனைக் குழாயிலேயே ஆராய்ந்து சொல்லும் முறை 1960-லேயே வந்துவிட்டது.

1967-ல் டாக்டர் இசபெல் கால் இதுபற்றி எச்சரித்தார். மூளை, முதுகுத்தண்டுக் கோளாறுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மார் 100 பேரில் 19 பேர் இத்தகைய ஹார்மோன் சோதனைக்கு உட்பட்டவர்கள். நலமான குழந்தைகளின் தாய்மாரில் 4 பேர்தாம். ஆயினும் பிரிட்டனில் மாத்திரை விற்பனை 1978 வரை நீடித்தது. இந்தியாவில் இவ்வகை உயர்அளவு ஹார்மோன் கலவைகளுக்குத் தடை வந்தது 1988-ல்.

மருந்தே ஊனத்துக்குக் காரணம் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2017-ல் பிரிட்டிஷ் நிபுணர் குழு ஒன்று கூறியது. 2020-ல் மற்றொரு குழுவோ, 1967-லேயே இதை நிறுத்தியிருக்க வேண்டும் என்றது.