நம் திண்டுக்கல் பெண்கள் உலகுக்குச் சொன்ன பாடம்

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன நம் திண்டுக்கல்லை மருத்துவ உலகம் வேறொன்றுக்காக அறியும்.

2000-இல் ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, நம் மாவட்டத்து ஊர்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். அவ்வளவுதான். 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை நடக்காத ஊர்களைவிட இங்கே இந்நோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

வராதவர்கள் சுமார் 18,000 பேர். வெட்கமோ, வீட்டு வேலையோ!

சகோதரிகளே, மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால், "இந்த வயசுல இதையெல்லாம் எப்படிச் சொல்றது" என்று மறைக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.